இரண்டாவது மிதி

ஹார்ன் சரியாகிவிட்டதா என்று பார்க்கத்தான் முனிகிருஷ்ணன் பிக்கப்பை எடுத்தார். அடுகோடி மெயின் ரோட்டில் எலெக்ட்ரீஷியன் கடையை விட்டு நாலு கட்டடம் தாண்டியிருக்க மாட்டார், ஸ்பீடோமீட்டரின் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. ஹேண்ட் பிரேக்கை இறக்காமல் விட்டோமோ என்று கை தன்னால் கீழே போயிற்று. இறங்கித்தான் இருந்தது. இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார். விளக்கு அணையவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரன் கன்னடத்தில் ஏதோ கத்திவிட்டு ஒடித்துக்கொண்டு போனான். முனிகிருஷ்ணன் வண்டியை ஓரம் கட்டி, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்தபடி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் பார்த்து நாலு வருஷத்துக்கு மேலாகிறது.

திரும்பிப் போய்க் கேட்டபோது எலெக்ட்ரீஷியன் சாதாரணமாகச் சொன்னான்: "பிரேக் ஆயில் டப்பா மேல ஒரு வயர் கழண்டு தொங்கிக்கினு இருந்துச்சுண்ணா. பாத்தேன், மாட்டி உட்டேன். ஏன், எதுனா பிராப்ளமா?"

"ஒண்ணுமில்ல," என்றார் முனிகிருஷ்ணன்.

அந்த வயர் தானாகக் கழன்றதல்ல. அவர் தன் கையாலேயே பிடுங்கியது. 'அதைக் கழட்டிடுப்பா' என்று சொல்ல ஒரு நொடி போதும். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. கடையில் இன்னும் இரண்டு டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பிரேக் விளக்கின் வயரைப் பிடுங்கச் சொல்லும் ஆளை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டார். அடுத்த கடையில் ஒரு சின்ன டப்பா பிரேக் ஆயில் வாங்கி ஊற்றினார். விளக்கு அணைந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனிக்கு இரும்பு வார்ப்புச் சாமான் இறக்கிவிட்டு ஓசூர் ரோட்டில் காலி வண்டியாகத் திரும்பும்போது அது மறுபடி எரிந்தது. பட்டப்பகல். வெயில் கண்ணாடியில் அடித்தும் அந்தச் சிவப்பு மட்டும் மங்கவில்லை. அடுகோடியில் அவர் வழக்கமாக வண்டி காட்டும் மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கொறஞ்சா ஊத்திக்கினு ஓட்டுண்ணா, பழைய வண்டிதானே" என்றான். நாலு வருஷமாக அவனும் அதைத்தான் சொல்கிறான், அவரும் அதைத்தான் செய்கிறார். ஆனால் இத்தனை நாள் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று காட்ட விளக்கு இருக்கவில்லை. இப்போது இருந்தது.

மறுநாள் காலை அவர் லிங்கராஜபுரம் போனார்.

பெர்னார்டின் ஷெட் ரயில்வே கேட்டுக்குப் போகிற சந்தில் இருந்தது. வண்டி வாங்கிய முதல் ஆறு வருஷம் அவரிடம்தான் எல்லா வேலையும். அப்போதெல்லாம் வண்டியைக் கொண்டுவருவது முனிகிருஷ்ணனின் தம்பி நாகேஷ். தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு முனிகிருஷ்ணன் இந்தப் பக்கம் வரவில்லை. பெர்னார்டுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பனியனுக்கு மேல் பழைய போலீஸ் காக்கிச் சட்டை ஒன்றைப் பொத்தான் போடாமல் மாட்டியிருந்தார். வண்டியைத்தான் முதலில் பார்த்தார், பிறகுதான் ஆளை.

"இன்னும் ஓடுதா இது," என்றார்.

முனிகிருஷ்ணன் விஷயத்தைச் சொன்னார். வயரைப் பற்றிச் சொல்லவில்லை. பிரேக் லைட் எரிகிறது, ஆயில் ஊற்றினால் அணைகிறது, திரும்ப எரிகிறது, அவ்வளவுதான்.

"இந்த லைட்டு மூணு எடத்துலேர்ந்து எரியலாம். ஒண்ணு ஹேண்ட் பிரேக் சுச்சு. ரெண்டாவது டப்பாக்குள்ள இருக்கிற மெதப்பு. மூணாவது, நெசமாவே ஆயில் கொறையணும். ஒண்ணொண்ணா கழிச்சிக்கினே வருவோம். அவசரம் இல்லியே."

ஹேண்ட் பிரேக் லீவருக்கு அடியில் இருந்த சுவிட்சைப் பெர்னார்ட் கழற்றித் தொங்கவிட்டார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அது இல்லை. டப்பாவின் மூடியைத் திருகி எடுத்து, அதில் தொங்கிய மிதப்பை விரலால் தூக்கினார். விளக்கு அணைந்தது. விட்டார், எரிந்தது. மிதப்பும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆக, ஆயில் குறைகிறது. குறைந்த ஆயில் எங்கேயாவது போயிருக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி நாலு சக்கரத்தையும் கழற்றினார். முன் சக்கரங்களில் ஈரம் இல்லை. பின் டிரம் இரண்டையும் திறந்து, வீல் சிலிண்டரின் ரப்பரை விரலால் தூக்கிப் பார்த்தார். உலர்ந்து, தூசி படிந்து கிடந்தது. பிறகு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து, பைப் போகிற வழியெல்லாம், ஒவ்வொரு இணைப்பாக, துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டிக்கொண்டே நகர்ந்தார். துணி அழுக்காயிற்று, நனையவில்லை. இதற்கே மத்தியானம் ஆகிவிட்டது.

முனிகிருஷ்ணனுக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவார், ஆயில் ஊற்றிக்கொண்டு ஓட்டு என்று இவரும் சொல்லிவிடுவார் என்று நினைத்தார்.

பெர்னார்ட் வெளியே வந்து கை துடைத்தார். "காலைல மொதல்ல ஸ்டார்ட் பண்றப்போ வெள்ளப் பொக வருமா?"

"வரும். டீசல் வண்டி, பழசு, அதான்னு..."

"அதான்னு உட்டுட்டே." அவர் சக்கரங்களை மாட்டினார். "எடு. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். நீயே ஓட்டு."

சந்தில் இருந்து வெளியே வந்து, ரயில்வே லைனை ஒட்டி ஆள் நடமாட்டம் இல்லாத மண் ரோட்டில் போகச் சொன்னார். பெர்னார்ட் விளக்கைப் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. குனிந்து முனிகிருஷ்ணனின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு திருப்பம், ஒரு மேடு, குறுக்கே ஒரு ஆடு.

"ஏன் மேன் ரெண்டு தடவ மிதிக்கிற?"

"யாரு? நானா?"

"ஒவ்வொரு தடவையும். மொதல்ல லேசா ஒண்ணு, ஒடனே இன்னொண்ணு. நீ மிதிக்கிறது ஒனக்கே தெரியலையா?"

முனிகிருஷ்ணனுக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. பெர்னார்ட் சொன்ன பிறகு கால் அவருடையதாக இல்லாமல் வேறு யாருடையதோ போல அங்கே கிடந்தது.

"இப்போ ஒரே மிதி. நின்னுச்சுன்னாலும் நிக்கலன்னாலும் ரெண்டாவது மிதிக்காத. ஹேண்ட் பிரேக் என் கைல இருக்கு."

முதல் தடவை வண்டி நின்றது. இரண்டாவது, மூன்றாவது தடவையும் நின்றது. ஆறு தடவை நன்றாக நின்றது. ஏழாவது தடவை மிதித்தபோது பெடல் பாதி வழி போய் எதிர்த்து நிற்காமல், சேற்றில் கால் இறங்குவது போல மெத்தென்று அடிவரைக்கும் போயிற்று. வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கால் துடித்தது, தூக்கித் திரும்ப மிதிக்கத் துடித்தது. பெர்னார்ட் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது.

"இப்போ மிதி."

மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது.

ஷெட்டுக்குத் திரும்பி, பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை அதன் பின்னாலிருந்த பூஸ்டரிலிருந்து கழற்றினார் பெர்னார்ட். ஒரு கம்பியின் நுனியில் துணி சுற்றிப் பூஸ்டருக்குள் விட்டு எடுத்தார். துணி சொட்டச் சொட்ட வந்தது. குறைந்த ஆயில் எல்லாம் ஒரு சொட்டுகூட வெளியே தெரியாமல் அந்த வட்டக் குடுவைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கிருந்து கொஞ்சம் இன்ஜினுக்குள் போய் எரிந்ததுதான் காலையில் வந்த வெள்ளைப் புகை. பிறகு சிலிண்டரைப் பிரித்து, ரப்பர்களை வெளியே எடுத்து, உள்சுவரை டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு பக்கம் நீளமாகக் கோடு விழுந்திருந்தது. கோட்டின் ஓரமெல்லாம் துருவின் சின்னச் சின்னக் குழிகள்.

"ரப்பர் இந்த எடத்துல வந்து மாட்டிச்சின்னா ஆயில் பக்கத்தால ஓடிரும். பெடல் உள்ள போயிரும். அடுத்த மிதிக்கு ரப்பர் கொஞ்சம் தள்ளி ஒக்காரும், பிரேக் புடிக்கும். வெளிய எங்கியும் ஒழுகாது. பத்துல ஒரு தடவ, அம்பதுல ஒரு தடவ, எப்பன்னு சொல்ல முடியாது."

முனிகிருஷ்ணன் கேட்டார்: "இது எத்தினி நாளா இப்படி இருந்திருக்கும்?"

"கோடு நேத்து விழுந்தது இல்ல. துரு வருசக்கணக்குல ஆனது."

"நாலு வருசம்?"

பெர்னார்ட் டார்ச்சை அணைத்தார். நாலு வருஷம் முன்பு நாகேஷ் ஓட்டும்போது நடந்த விபத்து அவருக்கும் தெரியும். லிங்கராஜபுரத்தில் அந்த வண்டியை அறிந்த எல்லாருக்கும் தெரியும். "இருக்கலாம். அன்னைக்கி இதாலதான் நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் மேன். நான் பாக்கல. நடந்திருக்கலாம்னு சொல்லுவேன்." பிறகு, "லைட்டு அப்போ எரியலியா?" என்று கேட்டார்.

முனிகிருஷ்ணன் டார்ச்சை வாங்கி அந்தக் கோட்டின் மேல் மறுபடி அடித்துப் பார்த்தார்.

அது எரிந்தது. தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் எரிய ஆரம்பித்தது. நாகேஷ்தான் அப்போது பாதி நாள் வண்டி ஓட்டினான். அண்ணனைவிடப் பதினான்கு வயது இளையவன். அப்பா அம்மா போன பிறகு முனிகிருஷ்ணனும் அவர் மனைவி யசோதாவும்தான் வளர்த்தார்கள். ஒவ்வொரு முறை விளக்கு எரியும்போதும் அவன், "அண்ணா, பெர்னார்ட் அண்ணன்கிட்ட உட்டுட்டு வரேன்" என்பான். லிங்கராஜபுரத்தில் விட்டால் ஒரு முழு நாள் போகும். அந்த மாதம் பொம்மசந்திரா கம்பெனியில் தினமும் லோடு. இன்னொரு வண்டிக்காரன் அந்த வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தான். ஒரு காலை முனிகிருஷ்ணன் பானெட்டைத் திறந்து வயரைப் பிடுங்கிவிட்டார். சாயங்காலம் நாகேஷ் வந்து, "லைட்டு போயிடுச்சேண்ணா, சரி பண்ணிட்டியா?" என்று கேட்டான்.

"பண்ணிட்டேன்," என்றார் அவர்.

இரண்டு மாதம் கழித்து, ஜூன் மாதத் தூறலில், ஓசூர் ரோட்டில் லோடோடு வந்த நாகேஷ், ஷிப்டு முடிந்து சைக்கிளில் ரோட்டைக் கடந்த கோவிந்தப்பா என்ற தொழிலாளி மேல் மோதினான். கோவிந்தப்பா உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நாகேஷ் முதல் நாளிலிருந்து ஒரே மாதிரிதான் சொன்னான்: மிதித்தேன், உள்ளே போய்விட்டது, மறுபடி மிதித்தேன், நின்றது, அதற்குள் ஆகிவிட்டது. சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் வண்டியை ஸ்டேஷன் மைதானத்தில் மூன்று முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தார். மூன்று முறையும் நின்றது. முதல் மிதிக்குப் பிடிக்காமல் இரண்டாவது மிதிக்குப் பிடிக்கிற பிரேக் எந்த ஊரில் இருக்கிறது என்று கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டபோது சிலர் சிரித்தார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் முனிகிருஷ்ணனைக் கூண்டில் ஏற்றினார்கள். பிரேக் எப்படி இருந்தது? நன்றாக இருந்தது. ஏதாவது குறை இருந்ததா? இல்லை. பழுது என்று சொன்னால் வண்டி போய்விடும், பெர்மிட் போய்விடும், தானும் உள்ளே போகவேண்டியிருக்கும் என்ற பயம். அதைவிட, வயரைப் பிடுங்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் அந்த நேரத்தில் உண்மையாகவே நம்பினார். நம்ப வேண்டியிருந்தது. நாகேஷ் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறு மாதம் தண்டனை. லைசென்ஸ் ரத்து.

ஜெயிலிலிருந்து வந்து அவன் வீட்டில் இரண்டு நாள்தான் இருந்தான். சண்டை எதுவும் இல்லை. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டால் படுத்திருந்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிடுகிறான் என்று யசோதா சொன்னாள். மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. முனிகிருஷ்ணன் லோடு கொண்டுபோகிற ரோட்டுக்கு இரண்டு ரோடு தள்ளித்தான். ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

இத்தனையிலும் அவரை இப்போது அடித்துப்போட்டது அந்தக் கால்தான். அது எப்போது இரண்டு முறை மிதிக்கக் கற்றுக்கொண்டது? விபத்துக்கு முன்பா, பின்பா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. முன்பே என்றால், அவர் கால் அறிந்து வைத்திருந்ததை அவர் தம்பிக்குச் சொல்லாமல் சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

பெர்னார்ட் புது மாஸ்டர் சிலிண்டர் மாட்டி, பைப்பில் புகுந்த காற்றை எடுத்து, வண்டியைத் தயார் செய்தார். கிளம்பும்போது பழைய சிலிண்டரை ஒரு செய்தித்தாளில் சுற்றி ஸீட்டில் வைத்தார். "தூக்கிப் போடறதுன்னா நீயே போட்டுக்க," என்றார்.

வீட்டில் யசோதா சோறு போட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். விளக்கு, வயர், 'பண்ணிட்டேன்' என்ற ஒரு வார்த்தை, ஏழாவது மிதி. அவள் ரசக் கரண்டியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ரசம் கரண்டியிலிருந்து தரையில் சொட்டியது. நாகேஷுக்கு எட்டு வயதில் தலைக்குக் குளிப்பாட்டி விட்டவள். அவனுக்குப் பெண் பார்த்துப் பூ வைத்ததும் அவள்தான். கேஸ் நடக்கும்போதே அந்த வீட்டார் பூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அவன்கிட்ட எப்போ சொல்லப் போற?" என்றாள்.

"சொன்னா..."

"நான் அதைக் கேக்கல. எப்போன்னு கேட்டேன்."

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யசோதா தரையைத் துடைத்தாள். மறுநாள் காலை அவர் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நாகேஷ் வேலை செய்கிற இடத்துக்குக் கிளம்பினார்.

கம்பெனி கேட் பச்சை பெயிண்ட் அடித்த இரும்புக் கேட். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு அறை. நாகேஷ் நீலச் சட்டையில், தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஏதோ ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தான். முன்னந்தலையில் முடி ஏறிவிட்டிருந்தது. முப்பத்தொரு வயதுதான். நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது பயம்.

"அண்ணிக்கு எதுனா?"

"இல்ல, இல்ல. நல்லா இருக்கா."

பயம் போனதும் முகம் மூடிக்கொண்டது. உள்ளே இருந்த ஒரே நாற்காலியை அவருக்குக் காட்டினான். அவர் உட்காரவில்லை. செய்தித்தாள் பொட்டலத்தை மேஜையில் வைத்துப் பிரித்தார். ஆயில் ஊறி எழுத்தெல்லாம் கலங்கிப் போயிருந்த தாளுக்கு நடுவில் அந்த இரும்புத் துண்டு கிடந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததை விட்டுவிட்டு, கடைசியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பெர்னார்ட் சொன்னது. கோடு. முதல் மிதி, இரண்டாவது மிதி. பிறகு வயர்.

"நீ கேட்ட இல்ல, சரி பண்ணிட்டியான்னு. பண்ணிட்டேன்னு சொன்னேன். பண்ணல. வயரப் புடுங்கிப் போட்டேன்."

நடுவில் ஒரு லாரி வந்து ஹார்ன் அடித்தது. நாகேஷ் எழுந்து போய்க் கேட்டைத் திறந்தான், நம்பரைக் குறித்தான், டிரைவரிடம் கையெழுத்து வாங்கினான், கேட்டை மூடினான். திரும்பி வந்து சிலிண்டரைக் கையில் எடுத்து, அதன் வாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"பெர்னார்ட் அண்ணன் இதாலதான்னு சொன்னாரா?"

"இருக்கலாம்னு சொன்னாரு."

"இருக்கலாம்." அதை அவன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான். "நான் இன்னா நெனச்சேன் தெரியுமா. கால் வழுக்கி கிளச்சுல மிதிச்சிட்டேன்னு. எல்லாரும் வண்டி நல்லா இருக்குன்றாங்க. இன்ஸ்பெக்டரு சொல்றாரு, நீயும் சொல்ற. நீ பொய் சொல்லுவேன்னு எனக்குத் தோணவே இல்ல. அப்ப நான்தானே. உள்ள இருந்தப்போ ராவெல்லாம் காலை நீட்டி நீட்டிப் பாப்பேன். எந்தக் காலு, எங்க வெச்சேன்னு. பாத்துப் பாத்து, கிளச்சுல வெச்ச மாதிரியே ஞாபகம் வந்துருச்சு. இப்பவும் கண்ண மூடினா அதான் வருது."

திட்டுவான், அடிப்பான், வெளியே போ என்பான் என்று எல்லாவற்றுக்கும் முனிகிருஷ்ணன் தயாராக வந்திருந்தார். இதற்குத் தயாராக இல்லை.

"கோர்ட்டுக்குப் போலாம்டா. வக்கீல் யாரையாவது பாத்து, நான் எழுதிக் குடுக்கறேன். உள்ள போட்டாலும் போடட்டும்."

"அது அப்புறம்." நாகேஷ் சிலிண்டரைத் தாளில் வைத்துத் திரும்பச் சுற்றினான். நிதானமாக, மூலைகளை மடித்துச் சுற்றினான். "ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. பதினோரு மணிக்கு ஹொங்கசந்திரா பஸ் ஸ்டாப்புக்கு வா. வண்டி எடுத்துக்கினு வராத."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பிலிருந்து அவன் முன்னால் நடந்தான். கடைகள் முடிந்து, ஷீட் போட்ட வீடுகள் வரிசையாக இருந்த ஒரு சந்தில் திரும்பினான். எங்கே போகிறோம் என்று முனிகிருஷ்ணன் கேட்கவில்லை. பாதிச் சந்து போகும்போதே தெரிந்துவிட்டது. ஒரு வீட்டு வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் ஒரே ஒரு முறை, கடைசி பெஞ்சில், முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். கோவிந்தப்பாவின் மனைவி சந்திரம்மா.

"வாப்பா நாகேஷா. கூட யாரு?"

"எங்க அண்ணன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே கூப்பிட்டு, பாயை விரித்து, "கூத்கோ" என்று உட்காரச் சொன்னாள். சின்ன அறை. சுவரில் கோவிந்தப்பாவின் போட்டோ, அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது, கம்பெனி சட்டையோடு. நாகேஷ் அந்த வீட்டில் எங்கே எது இருக்கிறது என்று தெரிந்தவனாக, குனிந்து வந்து, மேல்நிலையில் தலை இடிக்காமல், கதவோரம் உட்கார்ந்தான். அது அவன் வழக்கமாக உட்காருகிற இடம் என்று முனிகிருஷ்ணனுக்குப் புரிந்தது.

"இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா," என்றான்.

இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று முனிகிருஷ்ணன் நினைத்திருந்தார். இல்லை. சந்திரம்மாவின் தமிழில் பாதி கன்னடம். அவளுக்கு மாஸ்டர் சிலிண்டர் என்றால் புரியவில்லை. ஆகவே அவர் எல்லாவற்றையும் எளிமையாக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. எளிமையாக்கியபோது மறைவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பிரேக் கெட்டிருந்தது. கெட்டிருக்கிறது என்று வண்டி சொன்னது. நான் அதன் வாயை அடைத்தேன். சரி பண்ணிவிட்டேன் என்று இவனிடம் பொய் சொன்னேன். கோர்ட்டிலும் சொன்னேன்.

சந்திரம்மா போட்டோவைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களில் ராகித் தூசி ஒட்டியிருந்தது.

"இது இவனுக்குத் தெரியுமா?"

"புதன்கெழமதான் சொன்னேன்மா."

"ஜெயில்லேர்ந்து வந்த அதே வாரம் இங்க வந்தான்," என்றாள் அவள். யாரிடம் என்று இல்லாமல், அறையிடம் சொல்வது போல. "அடிச்சேன் இவன. பொடவ முந்தானையால வாயைப் பொத்திக்கினு அடிச்சேன். நின்னான். அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்தான். எனக்கு முட்டி வலி, தண்ணி தூக்க முடியாது. புடின்னு கொடத்தக் குடுத்தேன். ரெண்டு வருசமா தூக்குறான். தூக்கட்டும், என் புருசனக் கொன்னவன்தானேன்னு பாத்துக்கினு இருந்தேன்." அவள் நாகேஷின் பக்கம் திரும்பினாள். "ஒரு நாளாவது நான் இல்லன்னு சொல்லியிருக்கலாமே நீ."

"எனக்கே தெரியலம்மா," என்றான் நாகேஷ்.

முனிகிருஷ்ணன் மன்னிப்பு கேட்க வாயெடுத்தார். அந்த வார்த்தையை இந்த அறையில் வைப்பதற்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை. மூடிக்கொண்டார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததா என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் வரவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் பகல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

சந்துக் கோடியிலிருந்து யாரோ ஒரு பெண், "நீரு பந்த்து" என்று, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதைக் கூவினாள். அந்தக் குரல் வீடு வீடாக நகர்ந்து வந்தது. கதவுகள் திறந்தன, பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று மோதின. பழக்கத்தில் நாகேஷ் எழுந்து, கட்டிலுக்கு அடியில் கைவிட்டான்.

"நீ ஒக்காரு," என்றாள் சந்திரம்மா.

அவன் குனிந்த நிலையிலேயே நின்றான்.

"ஒக்காருப்பா."

அவன் உட்கார்ந்தான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழங்கால்கள் மேல் வைத்துக்கொண்டான். சந்திரம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று குடங்களை இழுத்தாள். இரண்டை நிலைப்படிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். மூன்றாவதை இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துக் குழாயை நோக்கி நடந்தாள்.

முனிகிருஷ்ணன் எழுந்து வாசலுக்கு வந்தார். ஒரு பச்சைக் குடம், ஒரு ஆரஞ்சுக் குடம். அவை தனக்காக வைக்கப்பட்டவையா, அவளே திரும்பி வந்து எடுப்பதற்கா என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் தம்பியின் பக்கம் பார்த்தார். அவன் கதவோரம் கண்களை மூடி, வலது பாதத்தைப் பாயின் மேல் மெதுவாக ஒரு முறை அழுத்தி, எடுத்தான். சந்துக் கோடியில் வரிசை நகர்ந்தது. குனிந்து, பச்சைக் குடத்தின் கழுத்தில் அவர் கையை வைத்தபோது, அங்கே முதல் குடத்தின் அடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.